அறிவியல் என்று எதைச் சொல்வது, அதன் கிளைகளை எவ்வாறு பிரிப்பது?

பென்னாகரம் நூலகத் தன்னார்வலர்:

அனைவருக்கும் வணக்கம். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊர் நூலகத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ‘அறிவியலும் அதன் முதன்மைக் கிளைகளும்’ என்ற தலைப்பில் பேசும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. நான் வணிகவியல் பட்டதாரி. ஆதலால் பள்ளியில் படித்த விளக்கத்திலிருந்தே தொடங்கினேன். முறைப்படுத்தப்பட்ட அறிவே அறிவியல் என்பது அந்த விளக்கம். ஆனால் முறைப்படுத்தல் மட்டுமே போதுமென்றால், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் அடங்கலும் ஆண்டுதோறும் அச்சாகும் பஞ்சாங்கமும் அறிவியல் நூல்களாகிவிடும் அல்லவா? வேறு எந்த அடையாளத்தைக் கொண்டு அறிவியலைப் பிரித்தறிவது?

கிளைகளைப் பற்றியும் தெளிவு தேவைப்படுகிறது. சிலர் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கணிதத்தையும் பொருளியலையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வேறு சிலரோ மருத்துவம், வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றையும் தனித்தனிக் கிளைகளாகக் காட்டுகிறார்கள். இவற்றில் எந்தப் பகுப்பைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயன்படும்? தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று தன் தாத்தா சொல்வது அறிவியலா என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். அவளுக்கும் நேர்மையான விடை சொல்ல வேண்டும். கூடுமானவரை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து விளக்கம் கிடைத்தால் நன்று.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி:

அம்மா, பஞ்சாங்கத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று; அந்த ஒரே நூலை வைத்தே முதல் கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். இந்த நாளில், இந்த நேரத்தில் சந்திர கிரகணம் தொடங்கும் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. அதைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று எவரும் சரிபார்க்கலாம். நேரம் தவறினால் கணக்குத் தவறு என்று ஒப்புக்கொண்டு திருத்தியாக வேண்டும். அதே நூலில் இந்த ராசிக்காரருக்கு இந்த மாதம் அலைச்சலும் ஆதாயமும் கலந்து வரும் என்றும் எழுதியிருக்கிறது. எது நடந்தாலும் அந்தக் கூற்றுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிடும். ஆகவே அதைப் பொய்யென்று காட்டுவதற்கு வழியே கிடையாது. முன்னது அறிவியல் கூற்று, பின்னது அல்ல. ஒரு நூலோ, ஒரு மரபோ, ஒரு துறையோ முழுமையாக அறிவியலாகவோ அறிவியல் அல்லாததாகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடுத்து, இது தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும் என்று கேட்க வேண்டும். மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934ஆம் ஆண்டில் முன்வைத்த பொய்ப்பிக்கத்தக்க தன்மை என்ற அளவுகோல் இதைத்தான் சொல்கிறது.

இந்த அளவுகோலை மிகவும் எளிமையாக்கிச் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கணிப்புத் தவறியவுடன் முழுக் கோட்பாட்டையும் தூக்கியெறிந்துவிடுவதில்லை. யுரேனஸ் கோள் நியூட்டனின் விதிப்படி செல்ல வேண்டிய பாதையிலிருந்து சற்று விலகிச் சென்றபோது, விதியே தவறு என்று யாரும் உடனே முடிவு கட்டவில்லை; அதற்கு அப்பால் நாம் காணாத இன்னொரு கோள் அதை இழுக்கக்கூடும் என்று கருதி, அது வானில் எங்கே இருக்க வேண்டும் என்று பிரான்சு நாட்டின் லெவெரியே கணக்கிட்டார். 1846ஆம் ஆண்டு செப்டம்பரில் பெர்லின் வானாய்வகத்தார் அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திற்கு ஒரு பாகைக்குள்ளாகவே நெப்டியூன் அகப்பட்டது. அதே லெவெரியே புதன் கோளின் பாதையில் இருந்த சிறு பிறழ்வுக்கும் அதே வகையான விளக்கத்தையே சொன்னார்: சூரியனுக்கு மிக அருகில் வல்கன் என்றொரு கோள் இருக்க வேண்டும் என்றார். பல ஆண்டுகள் தேடியும் அப்படியொரு கோள் கிடைக்கவே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவேயான அந்தப் பிறழ்வை 1915இல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாடு, எந்தப் புதிய கோளையும் துணைக்கு அழைக்காமல், கணக்கிட்டுக் காட்டியது. ஒரே மனிதர், ஒரே வழிமுறை. ஒருமுறை வென்றது, ஒருமுறை தோற்றது. எது வென்றது, எது தோற்றது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி வானம் தீர்ப்புச் சொல்ல இடம் கொடுத்ததுதான் அங்கே அறிவியல். மாணவர்களிடம் வெற்றிக் கதையை மட்டும் சொல்லாமல் வல்கனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிளைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் ஏற்கும் பகுப்பு இது. இயற்கையை ஆராய்பவை இயற்கை அறிவியல்கள். இயற்பியல், வேதியியல், வானியல், புவியியல் சார்ந்த துறைகள் ஒரு பக்கமும், உயிருள்ளவற்றை ஆராயும் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், மரபியல் முதலியவை இன்னொரு பக்கமுமாக அதில் அடங்கும். மனித சமூகத்தை ஆராய்பவை சமூக அறிவியல்கள். கணிதமும் தருக்கமும் புள்ளியியலும் கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பகுதியும் முறைசார் அறிவியல்கள். இவற்றிலிருந்து கிடைத்த அறிவை வாழ்க்கைத் தேவைக்குப் பயன்படுத்துபவை மருத்துவம், வேளாண்மை, பொறியியல் போன்ற பயன்பாட்டு அறிவியல்கள்.

நிலத்தடி நீர் ஆய்வகப் பணியாளர், தருமபுரி:

ஆசிரியர் ஐயா சொன்ன பகுப்பு சரியானதே. ஆனால் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஒவ்வொரு கிளைக்கும் தனி வேலி போட்டிருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள் என்பது என் கவலை. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஒன்று வேண்டும் என்று கேட்டீர்கள். பென்னாகரம் பகுதியில் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. அதிலிருந்து தொடங்குங்கள், அறிவியலின் அத்தனை கிளைகளும் அந்த ஒரு பல்லில் வந்து சேர்வதைக் காட்டிவிடலாம்.

இந்தக் கறைக்கான காரணம் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901ஆம் ஆண்டு கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்ய வந்தபோது, அங்கே பிறந்து வளர்ந்த பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். வயது வந்த பிறகு அந்த ஊருக்குக் குடியேறியவர்களுக்கு அது வருவதில்லை என்பதையும் பின்னர் கவனித்தார். உணவு, பால், பரம்பரை என்று ஊரார் சொன்ன காரணங்கள் பல. மெக்கேயின் ஐயம் மெல்ல மெல்லத் தண்ணீரின் பக்கம் திரும்பியது. 1920களில் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊரில், ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து புதிதாகக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் தங்கள் பிள்ளைகளின் பற்கள் கெட்டன என்று பெற்றோர் அவரிடம் முறையிட்டார்கள். அவர் அந்தத் தண்ணீரை ஆய்வு செய்ய வைத்தபோது ஐயத்திற்குரிய எதுவும் அதில் தென்படவில்லை. ஆயினும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றைப் பயன்படுத்துமாறு அறிவுரை சொன்னார். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்கு முளைத்த நிலைப் பற்கள் கறையின்றி முளைத்தன. காரணப் பொருளின் பெயர்கூடத் தெரியாத நிலையிலேயே காரணம் தண்ணீரில்தான் இருக்கிறது என்று இவ்வாறு உறுதியாயிற்று. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விளைவு மாறுகிறதா என்று பார்ப்பதைவிடத் தெளிவான அறிவியல் பாடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பொருள் ஃபுளோரைடு என்று 1931இல் கண்டறிந்தவர் பல் மருத்துவர் அல்லர். ஓர் அலுமினிய நிறுவனத்தில் பணிபுரிந்த சர்ச்சில் என்ற வேதியியலாளர். அந்த நிறுவனத்துக்குரிய பாக்சைட் என்ற ஊரின் பிள்ளைகளுக்கும் அதே கறை வந்ததால், அவ்வூர்த் தண்ணீரை நிறமாலை முறையில் ஆராய வைத்தார். குடிநீரில் இவ்வளவு ஃபுளோரைடா என்று முதல் முடிவை அவர் நம்பவில்லை. மாதிரியில் ஏதோ கலந்திருக்க வேண்டும் என்று கருதி, வேறு மாதிரி அனுப்பச் சொல்லி, இரண்டாம் முறையும் அதே விடை வந்த பிறகே ஏற்றுக்கொண்டார். நம் நாட்டில் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், ஃபுளோரைடு மிகுந்த நீரால் எலும்பும் முதுகுத்தண்டும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஃபுளோரைடு நம் தண்ணீருக்குள் எப்படி வந்தது என்று கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் நிலவியலாளர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடித்தளம் மிகப் பழமையான கெட்டிப் பாறை. அதில் உள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. இங்கே நிலத்தடி நீர் மணலில் தேங்கி நிற்பதில்லை. பாறையின் மேல்பகுதி சிதைந்த அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. ஆழ்துளைக் கிணற்றை ஆழமாக இறக்க இறக்க, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர் மேலே வர வாய்ப்புண்டு. ஆனால் ஒரே ஊரில் ஒரு கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்தும் அடுத்த கிணற்றில் குறைந்தும் இருப்பது ஏன்? இதற்கு விடை சொல்பவர் வேதியியலாளர். கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத கால்சியம் ஃபுளோரைடு உண்டாகிவிடும். ஆகவே கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த நீரிலோ அது தடையின்றிக் கரைந்து நிற்கும். உப்புக் கரிக்கும் கிணறுதான் கெட்டது, சுவையான கிணறு நல்லது என்று நம்பிக் குடிப்பவர்கள் இங்கே ஏமாந்துவிடுகிறார்கள். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இந்த அளவுகளில் சுவையும் இல்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது உயிரியலின் பகுதி. பல்லின் எனாமல் ஹைட்ராக்சி அப்படைட் என்ற கனிமத்தால் ஆனது. அதில் உள்ள ஹைட்ராக்சில் அயனியின் இடத்தை ஃபுளோரைடு அயனி பிடித்துக்கொள்ளக் கூடும். சிறு அளவில் இது பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. மிகுதியான அளவு, தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் உடலில் சேர்ந்தால், எனாமல் உருவாகும் பணியே குலைகிறது. குடியேறிய பெரியவர்களுக்குக் கறை வராததன் காரணம் இதுவே. நம் நாட்டுத் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான்.

பின்னர் பொறியியல் வருகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படிய வைத்து நீக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நம் மாவட்டங்களிலோ நீராதாரத்தையே மாற்றும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, காவிரி நீரைத் தூய்மைப்படுத்தி இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஓக்லியில் செய்த அதே மாற்றத்தை இங்கே இரண்டு மாவட்டங்களின் அளவில் செய்திருக்கிறார்கள் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள். மிகுதியான ஃபுளோரைடால் வரும் நோய்தான் ஃபுளோரோசிஸ்; திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயரும் இருக்கிறது. குழாயில் காவிரி வந்த பிறகும் ஒரு வீட்டார் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கிறார்கள் என்றால், அது ஏன் என்பதை நிலவியலும் வேதியியலும் சொல்ல முடியாது. அங்கே சமூக அறிவியல் தேவைப்படுகிறது.

மரவள்ளி விவசாயி, வேளாண் பட்டதாரி, பாப்பிரெட்டிப்பட்டி:

ஆசிரியர் ஐயாவின் கருத்தில் ஓர் இடத்தை மட்டும் பணிவுடன் மறுக்க விரும்புகிறேன். தூய அறிவியல் முதலில் அறிவைத் தேடித் தருகிறது, வேளாண்மையும் மருத்துவமும் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன என்று அவர் எழுதியது ஒருவழிப் பாதை போலத் தோன்றுகிறது. நடப்பில் வயலில் எழுந்த கேள்விதான் பல நேரங்களில் தூய அறிவியலையே முன்னே தள்ளியிருக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் பணியில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், ஓர் உரத்தால் விளைச்சல் கூடியதா, அந்தப் பாத்தியின் மண்ணே நல்ல மண்ணா என்று பிரித்தறிய வழி தேடினார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, மாறுபாடுகளைப் பகுத்துப் பார்க்கும் முறையை அவர் வகுத்தார். இன்று புதிய மருந்துகளைச் சோதிக்கும் முறைக்கும் அதுவே அடிப்படை. வயலில் பிறந்தது மருத்துவமனைக்குச் சென்றது.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடுவோரை அண்மை ஆண்டுகளில் வாட்டியது மாவுப்பூச்சி. மாவுப்பூச்சிகளில் பல இனங்கள் உண்டு. பார்வைக்கு எல்லாமே வெள்ளைப் பஞ்சு போலத்தான் இருக்கும். 2020இல் கேரளத்தில் முதன்முதலாகத் தென்பட்ட இந்தப் பூச்சி, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 1970களில் ஆப்பிரிக்காவுக்குச் சென்று அங்கே மரவள்ளியை அழித்த அதே இனம் என்று வகைப்பாட்டியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். இனம் தெரிந்ததனால்தான் மருந்தும் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் அந்தப் பூச்சியை அடக்கியது, அதன் உடலுக்குள் முட்டையிடும் அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சிறிய குளவி. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்குள் விட்டது. பூச்சிகளைப் பெயரிட்டுப் பெட்டியில் அடுக்கி வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று வகைப்பாட்டியலைக் குறைத்துப் பேசுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெயரைத் தவறாக வைத்திருந்தால் தவறான குளவியை வரவழைத்திருப்பார்கள்.

பென்னாகரம் நூலகத் தன்னார்வலர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பல்லின் கறையிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஆசிரியர் ஐயாவின் அளவுகோலின்படி பார்த்தால், எந்த உற்றுநோக்கலாலும் பொய்யாக்க முடியாத கணிதம் எப்படி அறிவியலாகும்? சோதனைச் சாலையில் வைத்துப் பார்க்க முடியாத சமூகத்தைப் பற்றிய ஆய்வை அறிவியல் என்று அழைப்பது தகுமா?

கணித விரிவுரையாளர், ஓசூர்:

முதல் ஐயம் மிகச் சரியானது. தள வடிவியலில் ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதை ஆயிரம் முக்கோணங்களை அளந்து பார்த்து நாம் நிறுவுவதில்லை. நிறுவாமலேயே எடுத்துக்கொண்ட தொடக்கக் கூற்றுகளான அடிக்கோள்களிலிருந்து தருக்கப்படி வருவித்துக் காட்டுகிறோம். ஆகவே, இயற்கை அறிவியல் என்ற பொருளில் கணிதம் அறிவியல் அன்று. முறைசார் அறிவியல் என்று அதற்குத் தனி இடம் கொடுப்பது இதனால்தான்; அறிவியல் என்ற சொல்லை அதற்கு வழங்கவே கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு, அவர்களை மறுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மாணவர்களிடம் இதோடு நிறுத்திவிடாதீர்கள். அடிக்கோளை மாற்றினால் கோணங்களின் கூடுதல் 180 பாகையாக இல்லாத வேறு வடிவியல்களும் கிடைக்கின்றன. ஜெர்மானியக் கணிதவியலாளர் ரீமன் 1854இல் அவற்றைப் பொதுமைப்படுத்தினார். அவை அனைத்தும் கணிதப்படி குறையற்றவை. நாம் வாழும் வெளி அவற்றில் எந்த வடிவியலின்படி அமைந்திருக்கிறது என்ற கேள்வியோ கணிதத்தின் கேள்வி அன்று. அளந்து பார்த்தே விடை காண வேண்டிய இயற்பியல் கேள்வி. ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட புதன் கோளின் 43 விகலைக்கு ஐன்ஸ்டீன் விளக்கம் கண்டது ரீமனின் வடிவியலைக் கொண்டுதான். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கருவி ஆயத்தமாக இருந்தது.

சமூகவியல் ஆய்வு மாணவி, அரூர்:

இரண்டாம் ஐயத்துக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். சோதனைச் சாலையில் வைத்துப் பார்க்க முடியாததெல்லாம் அறிவியல் அன்று என்றால் வானியலையும் வெளியே தள்ள வேண்டியிருக்கும். நமக்கு அருகில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தார் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் செல்வதைக் காத்திருந்து பதிவு செய்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த விண்மீனின் ஒளி இடையிடையே மங்கியதைக் கொண்டு யுரேனசுக்கு வளையங்கள் இருப்பது உலகில் பல இடங்களில் நடந்த பதிவுகளோடு சேர்ந்து உறுதியாயிற்று. யுரேனசை யாரும் அசைத்துப் பார்க்கவில்லை. இயற்கை தானே நிகழ்த்துவதைக் காத்திருந்து, கவனமாக அளந்து, பிறரும் சரிபார்க்கும்படி பதிந்து வைப்பதும் அறிவியலின் வழிதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொதுக்காலத்துக்கு முன் 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டதும் இத்தகையதே; நடந்து முடிந்த காலத்தைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது, ஆயினும் அந்த அடுக்கில் கிடைத்த கரிமப் பொருளில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளக்க முடியும்.

சமூகத்தையும் அவ்வாறே அளக்கலாம். நம் மாவட்டத்துக்குத் துயரமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைப் பேசத் தயங்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். பெண் குழந்தைகள் பிறந்தவுடன் கொல்லப்படுவதை எந்தக் குடும்பமும் வெளியில் சொல்லாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகளையும் பெண் குழந்தைகளையும் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டபோது, இயற்கையாகப் பிறந்து வளர்ந்தால் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் பெண் குழந்தைகள் இல்லை என்பது வெளிப்பட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகளின் விகிதம் மிகத் தாழ்ந்திருந்த தமிழக மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. பெற்றோர் வளர்க்க விரும்பாத பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டு 2001இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தனித்தனி வீடுகள் மறைத்ததைக் கூட்டு எண்ணிக்கை காட்டிக்கொடுத்தது. மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்டுத் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வார்கள், யுரேனஸ் மாற்றிக்கொள்ளாது என்ற வேறுபாடு உண்மையானது. அதனால் எங்கள் துறையின் முடிவுகள் இயற்பியலின் முடிவுகளைப் போல உறுதியாக அமைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கிருஷ்ணகிரி:

பாப்பிரெட்டிப்பட்டி நண்பரின் மறுப்பை ஏற்கிறேன். கிளைகளுக்கு இடையே அறிவு இரு திசையிலும் பாய்கிறது என்றே மாணவர்களிடம் சொல்லுங்கள். தட்டான் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை, ஆகவே அதை மட்டும் சேர்க்கிறேன்.

அந்த மாணவியின் தாத்தா சொல்வது சோதிக்கத்தக்க கூற்று. அந்த அளவில் அது அறிவியலின் வாசலுக்கு வந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் எஞ்சியிருக்கும் வேலை, அதை அந்த மாணவியே செய்யலாம். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் மாலையில் தட்டான்கள் தாழப் பறந்தனவா இல்லையா என்று எழுத வேண்டும். தாழ என்றால் எவ்வளவு உயரம் என்பதை முன்கூட்டியே, தன் தோள் உயரத்துக்குக் கீழே என்பது போல, வரையறுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் மாலைக்குள் மழை பெய்ததா இல்லையா என்பதைப் பக்கத்தில் எழுத வேண்டும். தட்டான் பறந்து மழை பெய்த நாள்களை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தட்டான் பறந்தும் பெய்யாத நாள்கள், பறக்காமலேயே பெய்த நாள்கள், இரண்டும் இல்லாத நாள்கள் ஆகியவைதான் நினைவிலிருந்து நழுவிவிடும். நான்கு வகையையும் எண்ணினால்தான், தட்டான் பறந்த நாள்களில் மழை பெய்த விகிதம் பறக்காத நாள்களில் பெய்த விகிதத்தைவிட உண்மையில் கூடுதலா என்று ஒப்பிட முடியும். வகுப்பில் இன்னும் சிலர் வெவ்வேறு ஊர்களில், ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்காமல் எழுதினால் இன்னும் நன்று.

பிப்ரவரியில் நம் பக்கத்தில் மழை ஏறக்குறைய இல்லை என்பதால் இந்தக் குறிப்பேட்டைக் கோடை மழை தொடங்கும் சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசி, கார்த்திகை வரை கொண்டுசெல்லச் சொல்லுங்கள். அறிவியல் நாளன்று செய்வதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் குடிக்கும் நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் கொண்டுவரட்டும். அது குழாய் நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, கிணறு என்றால் எத்தனை அடி ஆழம் என்று புட்டியின் மேல் எழுதி ஒட்டட்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அவற்றைச் சோதனைக்குக் கொடுத்தால், முடிவு வருவதற்கு முன்பே எந்தப் புட்டியில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும் என்று மாணவர்கள் தங்கள் கணிப்பைக் காரணத்தோடு எழுதி, நூலகத்திலேயே வைத்துவிடலாம்.